ஒத்தைக்கண் பச்சோந்தி

எங்க பக்கம் ஓணானுக்கே மரியாதை கிடையாது. தென்னங்குச்சியில சுருக்கு போட்டுப் பிடிக்கிறதும், கல்லால அடிக்கிறதும் பசங்களுக்கு விளையாட்டு. பச்சோந்தி பாடு அதைவிட மோசம். ஓணானை விளையாட்டுக்கு அடிக்கிறாங்க, பச்சோந்தியைப் பயந்து அடிக்கிறாங்க. கடிச்சா விஷம், அது மூச்சு பட்டா ஆகாது, மேல ஏறினா குடும்பத்துக்கே ஆகாதுன்னு என்னென்னமோ சொல்லுவாங்க. போதாக்குறைக்குக் கட்சி மாறுற ஆளுங்களுக்கெல்லாம் இது பேரை வெச்சு அசிங்கப்படுத்தியாச்சு.

உண்மையில அதுக்கு விஷம் கிடையாது. ஓடவும் தெரியாது. ஓணானை விரட்டினா வேலிக்குள்ள பாஞ்சிடும். பச்சோந்தி ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடி, யோசிச்சு யோசிச்சுத்தான் அடுத்த அடி வைக்கும். காத்துல ஆடற இலை மாதிரி தெரியணும்னு அப்படி நடக்குது. கொம்புல இருக்கிற வரைக்கும் இந்த நடை அதைக் காப்பாத்தும். தரையில இறங்கினா அதே நடைதான் அதுக்கு எமன். வண்டி வந்தாலும் ஆடி ஆடித்தான் ரோட்டைத் தாண்டும். சீறி, வாயைப் பிளந்து, உடம்பை ஊதிக் காட்டும். அதுக்குத் தெரிஞ்ச சண்டை அவ்வளவுதான்.

பச்சை, ஓந்தி ரெண்டும் சேர்ந்ததுதான் பச்சோந்தி. ஓந்தின்னா ஓணான். உலகத்துல இருக்கிற பச்சோந்தி இனங்கள்ல பாதி கிட்ட மடகாஸ்கர் தீவுல இருக்குது. நம்ம நாட்டுக்குன்னு இருக்கிறது ஒரே இனம். இலங்கையிலயும் அதேதான். மூக்கு நுனியிலருந்து வால் நுனி வரைக்கும் ஒரு முழத்துக்குள்ள அடங்கும். ஜவ்வாது மலை அடிவாரத்துலயும், பாலாத்தங்கரைத் தோப்புகள்லயும், கொல்லை வேலிகள்லயும் எங்க தாத்தா காலத்துலருந்து இருக்குது. ஆனா ‘பாத்தேன்’னு சொல்றவங்க கொஞ்சம் பேர்தான். அது நம்மைப் பாத்தாலும் நாம அதைப் பாக்கிறதில்லை.

போன புரட்டாசியில ஒண்ணு அடிபட்டு எங்கிட்ட வந்தது. அன்னைலருந்து ஊர்ல எனக்கு ‘ஓணான் டாக்டர்’னு பேரு. கிண்டல் பண்றவங்களே அப்புறம் தனியா வந்து, “அப்படி ஒண்ணு கிடைச்சா இன்னா பண்றது?”ன்னு கேக்கிறாங்க. அதுக்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

எங்க கொல்லை மாதனூர் பக்கம். பக்கத்துக் கொல்லைக்காரர் எனக்கு மாமா முறை. நிலத்தை பிளாட் போடறவங்களுக்குக் கொடுக்கிறதா பேசி, அளவுக்கல் நடறதுக்கு முன்னாடி வேலியைச் சுத்தம் பண்ண ஜேசிபி விட்டிருந்தார். முப்பது நாப்பது வருஷத்து வேலி. வேலிகாத்தான்தான் அதிகம். நடுநடுவே ஆவாரம், நொச்சி, கள்ளி, அது மேல கோவைக்கொடி, பிரண்டை. மத்தியானம் மூணு மணி இருக்கும். மிஷின் சத்தம் திடீர்னு நின்னுச்சு. ஓட்டுற தம்பி தர்மபுரிப் பையன், இறங்கி நின்னு கை காட்டறான்.

“அண்ணே, பச்சோந்தி ஒண்ணு கொம்போட வந்துடுச்சி. கண்ணுல ரத்தம். உசுரு இருக்குது.”

ஒடிஞ்ச ஆவாரங்கொம்பு ஒண்ணைப் பிடிச்சபடியே கிடந்தது. வலது கண் இருக்கிற இடம் நசுங்கி ரத்தமும் மண்ணும். வலது விலாவுல ஒரு விரல் நீளத்துக்குத் தோல் கிழிஞ்சிருந்தது. உடம்பு முழுக்கக் கரிக்கட்டை நிறம். ஆனா நாலு காலும் கொம்பை விடலை. பச்சோந்திக்கு விரல்கள் ரெண்டும் மூணுமா ஒட்டி, இடுக்கி மாதிரி இருக்கும். அந்தப் பிடியைப் பாத்துத்தான் பொழைக்கும்னு தோணுச்சு. அதைப் பிரிச்சு எடுக்காம, கொம்பையே ரெண்டு பக்கமும் வெட்டிக் கொம்போட தூக்கிட்டு வந்தேன்.

வீட்டு வாசல்லயே அம்மா நிறுத்திட்டாங்க. “வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள உட்டுக்கினு நிப்பியா? வூட்டுக்குள்ள இட்டாராத!” சரின்னு மாட்டுக்கொட்டாய் பக்கத்துல இருக்கிற தாழ்வாரத்துல தக்காளி கிரேட்டு ஒண்ணைக் கவுத்து, உள்ளே அதே கொம்பைக் குறுக்கே செருகி, மேல பழைய பருத்திப் புடவையைப் போட்டு மூடினேன். காத்து போகணும், வெளிச்சம் குறையணும், சத்தம் கூடாது. கன்னு போட்ட மாட்டுக்கும் அதுதான், அடிபட்ட எதுக்கும் அதுதான்.

அடுத்த வேலை வனச்சரக ஆபீசுக்கு போன் பண்றது. இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சோந்தி பாதுகாக்கப்பட்ட பிராணி. அதை வளர்க்கவும் கூடாது, விக்கவும் கூடாது. காயத்தோட கைக்குக் கிடைச்சாலும் 48 மணி நேரத்துக்குள்ள வனத்துறைக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ சொல்லியாகணும். டவுன்ல சில பேர் கண்ணாடித் தொட்டியில பச்சோந்தி வளக்கிற வீடியோ போடறாங்க. அதெல்லாம் வெளிநாட்டு இனங்கள். அதைப் பாத்துட்டு நம்ம வேலியில இருக்கிறதைப் பிடிச்சு பாட்டில்ல அடைக்கிற பசங்க உண்டு. அது குற்றம்ங்கிறது ஒரு பக்கம். அடைச்சு வெச்ச பச்சோந்தி பயத்துலயும் தாகத்துலயும் நாலஞ்சு நாள்ல கண்ணை மூடிடும்ங்கிறது இன்னொரு பக்கம்.

வனக்காப்பாளர் தம்பி நல்ல மாதிரி. “அண்ணே, நான் மலை மேல இருக்கேன். காலையில வரேன். அது வரைக்கும் எதுவும் ஊட்டாதீங்க. வாயைத் திறந்து தண்ணி மட்டும் ஊத்தவே ஊத்தாதீங்க”ன்னார்.

அதுக்குள்ள அம்மா மனசு மாறி ஒரு கிண்ணத்துல பாலோட வந்துட்டாங்க. இன்னொரு கையில மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சது. கோழிக்கும் ஆட்டுக்கும் அவங்க பண்ற வைத்தியம் அது. “இது கோழி இல்லம்மா, இதுக்குப் பாலே தெரியாது”ன்னு சொல்லி ரெண்டையும் திருப்பி அனுப்பினேன். பால் குடிக்கிற சாதி இல்லை அது. கட்டாயமா வாய்ல எதை ஊத்தினாலும் மூச்சுக்குழல்ல போயிடும். எண்ணெயைப் பூசினா காயத்துல மண்ணு ஒட்டும்.

ராத்திரி ஏழரைக்கு என் வீட்டுக்காரி ஷூ கம்பெனி பஸ்ல வந்து இறங்கினாங்க. ஆம்பூர்ல அப்பர் தைக்கிற பிரிவுல பன்னெண்டு வருஷமா வேலை. புடவையை விலக்கி செல்போன் வெளிச்சத்துல ஒரு நிமிஷம் பாத்தாங்க. “ஏங்க, இங்க பாருங்க. கண்ணோரத்துல ஈ முட்டை வெச்சிருக்குது.” எனக்குக் காயத்து மேல வெள்ளையா ஏதோ தூசு மாதிரிதான் தெரிஞ்சது. மாட்டுப் புண்ணுல புழு வெச்சா என்ன ஆகும்னு விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த முட்டை ஒரு நாள்ல புழுவாயிடும். இம்மாத்தூண்டு தலைக்குள்ள புழு போனா முடிஞ்சது.

கம்பெனியில நூல் பிசிறு எடுக்கிற சின்ன இடுக்கி ஒண்ணு அவங்க பையிலயே இருக்கும். அதைக் கொதிதண்ணியில போட்டு எடுத்தாங்க. ஆறின வெந்நீர்ல துளி உப்பு போட்டு, பஞ்சுல நனைச்சு, மண்ணை ஊற வெச்சு, ஒவ்வொரு முட்டையா எடுத்தாங்க. நான் கொம்பையும் வெளிச்சத்தையும் பிடிச்சுக்கிட்டு நின்னேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. அது ஒரு தடவை வாயைத் திறந்து சீறுச்சு. அதோட சரி. நல்லா இருக்கிற இடது கண்ணு மட்டும் சுத்திச் சுத்தி எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே இருந்தது. “மேலாப்புத் தோலுக்குத் தைக்கிறதைவிட இதான் கஷ்டம்”னு சொல்லிட்டுக் கை கழுவப் போனாங்க. எந்த ஆஸ்பத்திரியிலயும் அந்தப் பொறுமையோட பாத்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியலை.

மறுநாள் காலையில வனக்காப்பாளர் வந்தார். ரெண்டு பேருமா கால்நடை மருத்துவர்கிட்ட எடுத்துக்கிட்டுப் போனோம். டாக்டர் சிரிச்சார். “நான் நாள் முழுக்க நானூறு கிலோ மாட்டுக்கு ஊசி போடறவன். இது இன்னா எடை இருக்கும்?” மருந்து எடை போடற தராசுல வெச்சா எண்பத்துநாலு கிராம். “இதுக்கு மருந்து அளவு தப்பினா மருந்தே கொன்னுடும்”னு சொல்லி, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில கூடப் படிச்ச ஒருத்தருக்கு போன் போட்டுக் கேட்டுத்தான் செஞ்சார். வலது கண்ணு போயிடுச்சு, அது திரும்பாது. குழியைச் சுத்தம் பண்ணி களிம்பு வெச்சார். விலாவுல இருக்கிற காயத்தைத் தேத்தண்ணி நிறத்துக்குக் கலக்கின அயோடின் தண்ணியில கழுவினார். எலும்பு ஒடியலை. பின்னங்கால் குதியில சின்ன முள் மாதிரி ஒண்ணு துருத்திக்கிட்டு இருந்ததைக் காட்டி, “ஆண்”னார். ஆணுக்கு மட்டும்தான் அது உண்டாம். “ஆணா இருந்தது நல்லதாப் போச்சு. முட்டையோட இருக்கிற பொட்டையா இருந்தா இந்த அடியில பொழைக்கிறது கஷ்டம்.”

அப்புறம்தான் முக்கியமான கேள்வியைக் கேட்டார். “புண்ணு ஆறிடும். ஒத்தைக் கண்ணோட இது இரை பிடிக்குமா?”

பச்சோந்தியோட பொழப்பே அந்தக் கண்ணுலயும் நாக்குலயும்தான் இருக்குது. ரெண்டு கண்ணும் தனித்தனியா சுத்தும். ஒண்ணு முன்னாடி பாக்கும், ஒண்ணு பின்னாடி பாக்கும். பூச்சி கண்ணுல பட்டதும் ரெண்டும் ஒரே பக்கம் திரும்பும், நாக்கு பாயும். உடம்பைவிட நீளமான நாக்கு. அது பாயற நேரத்துல நாம கண் சிமிட்டி முடிக்க மாட்டோம். தூரம் ஒரு விரக்கடை தப்பினாலும் பூச்சி போச்சு. நமக்கு ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஊசியில நூல் கோக்கச் சொன்னாலே தடுமாறுது. இது எப்படிப் பொழைக்கும்?

வேப்பேரி டாக்டர் போன்ல சொன்ன விஷயம் எனக்கு இன்னும் ஆச்சரியம். நாம ரெண்டு கண்ணால தூரத்தை அளக்கிறோம். பச்சோந்தி அப்படி இல்லை. கேமராக்காரர் லென்ஸைத் திருகி உருவத்தைத் தெளிவாக்கற மாதிரி, அது ஒவ்வொரு கண்ணையும் குவிச்சு, எவ்வளவு குவிக்க வேண்டியிருக்குதோ அதை வெச்சே தூரத்தைக் கணிக்குது. 1977-ல் ‘நேச்சர்’ இதழ்ல இந்த ஆய்வு வந்திருக்குது. பச்சோந்தி கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி வில்லையை வெச்சுப் பாத்தாங்க. வில்லைக்குத் தக்கபடி நாக்கு தூரம் தப்பிப் போய் விழுந்தது. கண்ணோட குவிப்புதான் அளவுகோல்னு அதுலருந்து தெரிஞ்சது. அப்படின்னா ஒத்தைக் கண்ணுக்கும் வாய்ப்பு இருக்குது. “பொழைக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. தானா ஒரு பூச்சியை அடிச்சுத் தின்னுச்சுன்னா விட்டுடுங்க”ன்னார்.

வனக்காப்பாளர் பதிவேட்டுல எழுதிக்கிட்டார். இந்த உடம்போட வேலூருக்கோ அமிர்திக்கோ வண்டியில ஆட்டி எடுத்துக்கிட்டுப் போறதைவிட, கிடைச்ச இடத்துக்குப் பக்கத்துலயே வெச்சுப் பாக்கலாம்னு டாக்டரும் அவரும் பேசி முடிவு பண்ணாங்க. எங்க கொல்லை ஓரம் வெட்டாம விட்டிருந்த நொச்சிப் புதர் ஒண்ணு மேல கொசுவலையைப் போட்டு, அடியில மண்ணு அணைச்சு, உள்ளே விட்டோம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அவர் வந்து பாத்துக் குறிச்சுக்கிட்டுப் போவார். இடையில நான்.

தண்ணிதான் முதல் பிரச்சினை. பச்சோந்திக்குக் கிண்ணத்துல இருக்கிற தண்ணி தண்ணியாவே தெரியாது. இலை மேல உருள்ற துளியைத்தான் நக்கிக் குடிக்கும். டாக்டர் காலியான குளுகோஸ் பாட்டிலும் டியூபும் கொடுத்தார். அதைக் கொம்புல கட்டி, சக்கரத்தைத் திருகி, சொட்டுச் சொட்டா நொச்சி இலை மேல விழற மாதிரி வெச்சேன். வெளியூர் ஆளுங்களா இருந்தா குழாயைத் திறந்து பாட்டிலை ரொப்பிட்டுப் போயிருப்பாங்க. எங்க ஊர்ல அது முடியாது.

எங்க கிணத்துத் தண்ணி உப்பு. அதுல டீ போட்டா பால் திரிஞ்சிடும். சோப்பு நுரைக்காது. தோல் ஷாப்புக்கு வர்ற பச்சைத்தோல் அழுகாம இருக்க உப்பு போட்டுத்தான் வரும். அதை ஊற வெச்சு அலசற தண்ணியில அந்த உப்பு மொத்தமும் கரைஞ்சு போகும். வருஷக்கணக்குல அது பாலாத்து மணல்லயும் கிணத்துலயும் இறங்கிடுச்சு. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பத்தி தீர்ப்பு சொன்னது. மாசு பண்றவனே செலவை ஏத்துக்கணும்ங்கிறதை இந்த நாட்டுச் சட்டத்துல அழுத்தமா எழுதின தீர்ப்பு அது. வேலூர் மாவட்டத்து வழக்கு, நீதிபதி குல்தீப் சிங் சொன்னது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தது, இழப்பீடு வந்தது. 2025 ஜனவரியில மறுபடியும் உச்ச நீதிமன்றம் பாலாத்தைப் பத்தி உத்தரவு போட்டிருக்குது. என் வீட்டுக்காரி சம்பளமும் அதே தோல்லருந்துதான் வருது, அதையும் சொல்லணும். யாரையும் திட்டறதுக்காக இதை எழுதலை. மண்ணுக்குள்ள இறங்கின உப்பு தீர்ப்பைப் படிச்சுட்டு மேல வராது, அவ்வளவுதான்.

அதனால பச்சோந்திக்கு நாங்க குடிக்கிற கேன் தண்ணியைத்தான் சொட்டு விட்டேன். நாலாவது நாள் மழை வந்தது. ஓட்டுத் தண்ணியை அண்டாவுல பிடிச்சு அப்புறம் அதையே விட்டேன். மழையன்னைக்கு, தலையைத் தூக்கி இலை நுனியில தொங்கற துளியை ஒண்ணு ஒண்ணா நக்கினதைப் பத்து நிமிஷம் நின்னு பாத்தேன். உள்ளே போயிருந்த இடது கண் கூம்பு அன்னைக்கு சாயங்காலம் கொஞ்சம் மேல எழும்பி வந்தது. கண் குழி விழுந்தா உடம்புல தண்ணி இல்லைன்னு அர்த்தம். மாட்டுக்குப் பாக்கிற அதே குறிதான்.

நிறத்தையும் பாத்துக்கிட்டே இருந்தேன். பக்கத்துல இருக்கிற நிறத்துக்கு மாறிக்கும்னுதான் நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். அது பெரும்பாலும் சரியில்லை. சூடு, குளிர், பயம், கோபம், நோய் இதுதான் அதோட நிறத்தை மாத்துது. 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழகத்து ஆளுங்க மடகாஸ்கர் பச்சோந்தியை வெச்சு கண்டுபிடிச்சாங்க. தோலுக்கு அடியில ரொம்பச் சின்னப் படிகங்கள் வரிசையா இருக்குது, அதுங்களோட இடைவெளி மாறினா வெளிச்சம் வேற நிறமா திரும்புதுன்னு. உள்ளுக்குள்ள இருக்கிறதை மறைக்கத் தெரியாம தோல் மேலயே காட்டுற பிராணி அது. அதும் பேரைப் போய் வேஷக்காரனுக்கு வெச்சிருக்கோம். முதல் மூணு நாள் கரி நிறம். அஞ்சாவது நாள் வெயில் ஏறினப்போ இடது பக்கம் பச்சை திரும்பிச்சு. காயம் பட்ட வலது பக்கம் மட்டும் பழுப்பாவே இருந்தது. ராத்திரி டார்ச் அடிச்சா வெளுத்த மஞ்சள்ல தூங்கும். ராத்திரி வெளுத்துத் தூங்கினா நல்லது. பட்டப்பகல்ல கண்ணை மூடிக்கிட்டு இருந்தாதான் பயப்படணும்.

ஆனா அஞ்சு நாளா எதுவும் திங்கலை. மருந்து தெளிக்காத கேவுருக் கொல்லையிலருந்து வெட்டுக்கிளி பிடிச்சு வலைக்குள்ள விட்டுக்கிட்டே இருந்தேன். மல்லாட்டைக் கொல்லை பக்கம் போகலை. அங்க மருந்து அடிச்சு ஒரு வாரம்கூட ஆகலை. அந்தப் பூச்சியைத் தின்னா நம்ம வைத்தியமெல்லாம் வீண். “வாயைத் திறந்து ஒண்ணைத் திணிச்சுடலாமா?”ன்னு ஒரு நாள் வனக்காப்பாளர்கிட்ட கேட்டேன். “அதைப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் அதோட உசுர்ல கொஞ்சம் குறையுதுண்ணே. பொறுங்க”ன்னார். வேலை செஞ்சு பழகின கைக்கு சும்மா நிக்கிறதுதான் கஷ்டம். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, தூரத்துலருந்து. அதுக்கு மேல போகலை.

ஏழாவது நாள் காலையில எட்டரை மணி. வெட்டுக்கிளி ஒண்ணு வலையில ஏறிக்கிட்டு இருந்தது. பச்சோந்தி கழுத்தை மெதுவா வலது பக்கமா வளைச்சு, இருக்கிற ஒத்தைக் கண்ணை நேர் முன்னாடி கொண்டு வந்தது. ஆடாம நின்னுச்சு. நான் மூச்சு விடலை. வாய் கொஞ்சம் திறந்து நாக்கு நுனி வெளியே தெரிஞ்சது. மறுபடி உள்ளே போயிடுச்சு. இன்னும் ஒரு அடி எடுத்து வெச்சது. மறுபடி தலையை வளைச்சது. டப்புன்னு ஒரு சத்தம், வலையில வெட்டுக்கிளி இல்லை. மெல்லற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. வீட்டுக்காரிக்கு போன் போட்டேன். கம்பெனி நேரத்துல எடுக்க மாட்டாங்க. சாப்பாட்டு நேரத்துல அவங்களே கூப்பிட்டு, முதல் வார்த்தையா “தின்னுச்சா?”ன்னாங்க.

அதுக்கப்புறம் நாளைக்கு மூணு நாலு பூச்சி. சில தடவை நாக்கு தப்பும். தப்பினா ஒரு அடி நகர்ந்து மறுபடி அடிக்கும். பதினஞ்சாவது நாள் டாக்டரும் வனக்காப்பாளரும் வந்து பாத்து, வலையை எடுத்துட்டோம். ஒரு மணி நேரம் அதே கொம்புல இருந்தது. அப்புறம் நடக்க ஆரம்பிச்சது. எங்க போகும்? நொச்சியைத் தாண்டி மாமாவோட வேலி. பாதி பிடுங்கினபடி நின்னுக்கிட்டு இருந்த வேலி.

இதுக்குத்தான் மாமாகிட்ட போய் நின்னேன். “மாமா, மீதி வேலியை அப்படியே உட்டுடேன்.”

“இன்னா மாப்பிள்ளை, ஓணானுக்காக பிளாட்டை நிறுத்தச் சொல்றியா? வேலிகாத்தானைப் புடுங்கச் சொல்லி ஐகோர்ட்டே சொல்லிக்கீது.”

அவர் சொன்னது நியாயம். வேலிகாத்தான் நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுதுன்னு நானே என் கொல்லையில பிடுங்கினவன். ஆனா ஜேசிபிக்கு வேலிகாத்தானும் ஆவாரமும் ஒண்ணுதான், மொத்தமா வாரிடும். “வேலிகாத்தானை ஆள் வெச்சு வெட்டிக்கலாம். ஆவாரம், நொச்சி, கள்ளி நிக்கட்டும். என் ஓரமா எட்டடி. கூலி பாதி என்னுது”ன்னேன். பிளாட் போடறவர்கிட்ட கேட்டதுக்கு, அந்த ஓரம் எப்படியும் காலி இடமா விட வேண்டியதுதான்னு சொல்லிட்டார். மாமா யோசிச்சு ஒத்துக்கிட்டார்.

ஆவாரத்துக்கும் எங்க தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. இந்த ஜில்லாவுல தோல் பதப்படுத்தினதே ஒரு காலத்துல ஆவாரம்பட்டையிலதான். பெரியவங்க வண்டி வண்டியா பட்டை உரிச்சு தோல் ஷாப்புக்குப் போட்ட கதையைச் சொல்லுவாங்க. பட்டைக்காக வேண்டியே புதரை வேரோட பிடுங்காம வெட்டி விட்டு வளத்தாங்க. அப்புறம் வெளிநாட்டு வாட்டில் பட்டை வந்தது, அப்புறம் குரோம் வந்தது. 1970-களுக்கு அப்புறம் ஏற்றுமதிக்கு முழுசா பதப்படுத்தின தோல்தான்னு ஆனதும் குரோமே எங்கும். ஆவாரத்துக்கு ஒரு விலையும் இல்லாம போச்சு. விலை இல்லாத செடியைக் காப்பாத்த ஆளும் இல்லாம போச்சு. பச்சோந்தி தங்கறதும் இரை தேடறதும் அந்தப் புதர்லதான். முட்டையிடறதுக்கு மட்டும் பொட்டை கீழே இறங்கும். மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிட்டு மறுபடி ஏறும். புதரும் போய், பக்கத்துல ரோடும் வந்தா, அது இறங்கற இடமே சாவற இடமா ஆயிடுது.

வலையை எடுத்தப்புறம் அதை மூணு தடவை பாத்தேன். ஐப்பசியில ரெண்டு தடவை, கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில ஒரு தடவை. பூத்திருந்த ஆவாரத்து மேல, மூடின வலது கண்ணை வெச்சு அடையாளம் தெரிஞ்சது. பச்சையா இருந்தது. அப்புறம் கண்ணுல படலை. அதைத் தேடி நான் புதரைக் கலைக்கவும் இல்லை.

உங்க கண்ணுல அப்படி ஒண்ணு அடிபட்டுக் கிடந்தா, கொம்போட எடுங்க. பிடியைப் பிரிக்காதீங்க, வாலைப் பிடிச்சுத் தூக்காதீங்க. பல்லி வால் மாதிரி அது திரும்ப முளைக்காது. காத்துப் போற கூடையில வெச்சு, துணியால மூடி, நிழல்ல வைங்க. கண்ணாடி பாட்டில் கூடாது. பால், சோறு, எண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இலை மேல நல்ல தண்ணியைத் தெளிங்க, குடிக்கிறதா இருந்தா அதுவே குடிக்கும். காயத்துல ஈ உக்காராம பாத்துக்கங்க. வனத்துறைக்கு அன்னைக்கே சொல்லுங்க. ரோட்டைத் தாண்டறதைப் பாத்தா, வண்டியை நிறுத்தி ஒரு குச்சியை முன்னாடி நீட்டுங்க. அதுவே ஏறிக்கும். எந்தப் பக்கம் போய்க்கிட்டு இருந்ததோ அந்தப் பக்கத்துலயே விடுங்க.

ஜேசிபி தம்பி இப்போ எந்த வேலியில கை வைக்கிறதுக்கு முன்னாடியும் இறங்கி ஒரு தடவை நடந்து பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கிறானாம். அவன்தான் போன்ல சொன்னான்.

அந்த எட்டடியில வேலிகாத்தான் போன இடத்துல நொச்சிப் போத்தும் கிளுவைப் போத்தும் நட்டிருக்கேன். நொச்சியை ஆடு கடிக்காது, கிளுவை காஞ்சாலும் மழைக்குத் துளிர்க்கும். ரெண்டும் நல்லா வேர் பிடிச்சிருக்குது. உங்க கொல்லை ஓரத்துக்குப் போத்து வேணும்னா வந்து வெட்டிக்கிட்டுப் போங்க. மழைக்கு முன்னாடி வாங்க.